எல்லோரும் டாமிஃப்ளூ சாப்பிட்டால் வைரஸ் பழகிவிடுமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். 2009-இல் பன்றிக் காய்ச்சல் பரவிய சமயத்தில், ஓசூரில் வேலை பார்த்த அவருடைய தம்பிக்குப் பரிசோதனை எதுவும் செய்யாமலே ஐந்து நாளுக்கு டாமிஃப்ளூ மாத்திரை கொடுத்தார்களாம். பரிசோதிக்காமல் மருந்து கொடுத்தால் நோய் எங்கே பரவுகிறது என்று எப்படிக் கணக்கெடுப்பார்கள், எல்லோரும் அதே மாத்திரையைச் சாப்பிட்டால் வைரஸ் அதற்குப் பழகிவிடாதா என்பவை அவருடைய இரண்டு கேள்விகள்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஆண்டு மத்திய அரசு நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்தது. மூச்சுத் திணறல் போன்ற தீவிர அறிகுறிகளோடு வந்த சி வகையினருக்கு மட்டுமே பரிசோதனை கட்டாயமாக இருந்தது. உங்கள் தம்பி, பரிசோதனை இல்லாமலே மாத்திரை பெறக்கூடிய பி வகையில் இருந்திருப்பார். ஒவ்வொருவரையும் எண்ணுவது கண்காணிப்பின் நோக்கமே அல்ல. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதே முறைதான். ஆனால் பானையின் அடியில் பிடித்ததை மட்டும் எடுத்துப் பார்த்தால் பதம் தெரியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களின் சளி மாதிரியை மட்டும் சோதித்தால், அவர்கள் ஏற்கெனவே சில நாட்கள் மருந்து எடுத்தவர்களாக இருப்பார்கள் என்பதால், மருந்துக்கு அடங்காத வைரஸ் ஊரில் இருப்பதைவிட அதிகமாக இருப்பதுபோலத் தோன்றிவிடும். ஆகவே புறநோயாளிகளாக வந்து, மாத்திரை எதுவும் தொடாதவர்களிடமிருந்தும் வாரந்தோறும் சில மாதிரிகளை எடுக்க வேண்டும். அதிலும் ஓசூரைப் போல, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி ஆயிரக்கணக்கானோர் தினமும் பெங்களூருக்குப் போய்வரும் ஊரில், மாவட்ட எல்லைக்குள் மட்டும் கணக்குப் பார்ப்பது அரைக் கணக்குதான் என்பது என் கருத்து. இரு பக்கத்து மாதிரிகளின் மரபணுக்களையும் ஒப்பிட்டால் அவை ஒரே கிளையைச் சேர்ந்தவையா என்பது தெரிந்துவிடும், யார் யாருக்குக் கொடுத்தார் என்பது தெரியாவிட்டாலும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இன்ஃப்ளூயன்சா வைரஸ் ஒரு செல்லுக்குள் பெருகிய பிறகு, அந்தச் செல்லின் மேற்பரப்பிலிருந்து தன்னை வெட்டி விடுவித்துக்கொள்ள நியூராமினிடேஸ் என்ற நொதியைப் பயன்படுத்துகிறது. டாமிஃப்ளூவில் உள்ள ஒசெல்டாமிவிர் அந்த நொதியின் வாயை அடைத்துவிடுகிறது. இன்ஃப்ளூயன்சாவில் ஒரு வகையான எச்1என்1 வைரஸின் இந்த நொதியில் 275-ஆம் இடத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் டைரோசினாக மாறிவிட்டால் மருந்து அங்கே சரியாகப் பொருந்தாது. இதைத்தான் எச்275ஒய் மாற்றம் என்கிறார்கள். மூக்கு வழியாக அல்ல, வாய் வழியாக உறிஞ்சும் தூளாகக் கொடுக்கப்படும் ஜனாமிவிர் என்ற மருந்து அப்போதும் வேலை செய்யும்.

மருந்தை அதிகமாகச் சாப்பிட்டதால்தான் இது வருகிறது என்று நீங்கள் நினைப்பது இயல்பு. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். ஆனால் 2008 தொடக்கத்தில், இந்த மாத்திரையை மிகக் குறைவாகவே பயன்படுத்திய நார்வே நாட்டில், வழக்கமான பருவகால எச்1என்1 மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு எச்275ஒய் மாற்றத்தோடு இருந்தன. உலகிலேயே அதிகமாக மாத்திரை பயன்படுத்திய ஜப்பானில் அந்தப் பருவத்தில் அது அரிதாகவே காணப்பட்டது. காரணம் என்னவென்றால், இந்த மாற்றம் வழக்கமாக வைரஸைப் பலவீனப்படுத்தும். ஆனால் அந்த இழப்பை ஈடுசெய்யும் வேறு சில மாற்றங்கள் அதே நொதியில் முன்பே சேர்ந்திருந்ததால், மருந்தின் உந்துதல் இல்லாமலே அந்த வைரஸ் மற்றவற்றுக்குச் சமமாகப் பரவியது. ஓர் ஆண்டுக்குள் அது உலகெங்கும் பரவிவிட்டது. பிறகு 2009-இல் வந்த புதிய எச்1என்1 வைரஸ், அதாவது பன்றிக் காய்ச்சல் வைரஸ், அந்தப் பழைய வைரஸை ஒதுக்கித் தள்ளிவிட்டதால், மருந்துக்கு அடங்காத தன்மையும் அதோடு போனது. நல்ல வேளையாகப் புதிய வைரஸின் பெரும்பகுதி ஒசெல்டாமிவிருக்கு அடங்கியது. அமன்டடின் என்ற பழைய மருந்துக்குத்தான் அது அடங்கவில்லை.

அதற்காக மருந்தை எப்படி வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று பொருளல்ல. 2009-இல் ஆங்காங்கே மருந்துக்கு அடங்காத வைரஸ் தோன்றியவர்களில் பலர் சிகிச்சையிலோ முன்தடுப்பாகவோ இந்த மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். நோய் எதிர்ப்பாற்றல் குன்றி, வாரக்கணக்கில் வைரஸை உடலில் சுமந்தவர்கள் அவர்களில் முக்கியமானவர்கள். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றதும் மற்றவர்கள் நாளுக்கு ஒரு மாத்திரை என்று போட்டுக்கொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. அப்படிப் போட்டுக்கொள்பவருக்குள் வைரஸ் ஏற்கெனவே நுழைந்திருந்தால், நாளுக்கு இரண்டு வேளை 75 மில்லிகிராம் என்ற சிகிச்சை அளவில் பாதிதான் அவருக்குப் போகிறது, அரைகுறை மருந்துக்கு நடுவே பெருகும் வைரஸுக்கு அது வசதியாகிவிடுகிறது.

உங்கள் தம்பி ஐந்து நாளும் இரண்டு வேளையும் முடித்திருந்தால் அவர் செய்தது சரியே. இனி எப்போதாவது தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு மருத்துவமனையில் தொண்டையிலிருந்து மாதிரி எடுத்தால், அதற்கு முன் இந்த மாத்திரையைச் சாப்பிட்டீர்களா, எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். கிண்டி கிங் ஆய்வகத்திலோ புனே தேசிய வைராலஜி நிறுவனத்திலோ அந்த வைரஸில் எச்275ஒய் மாற்றத்தைக் கண்டால், அது உங்கள் உடலுக்குள் உருவானதா, வெளியிலிருந்தே அப்படி வந்ததா என்று பிரித்தறிய அந்த ஒரு வரித் தகவல்தான் உதவும்.