ஆபரேஷனுக்குப் பிறகு இருபது வருஷம்

(மன்னார்குடியில், இருதய ஆபரேஷன் ஆன பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். குறுவை அறுப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், சுருக்கமாகப் பேசிவிடுகிறேன்.

“ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இனிமே பயம் இல்லையே?” என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். எந்தக் கோளாறுக்கு ஆபரேஷன் என்பதைப் பொறுத்தது பதில். இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே இருந்த ஓட்டையைச் சின்ன வயதிலேயே, நுரையீரலில் அழுத்தம் ஏறுவதற்கு முன்பே அடைத்தாகிவிட்டதென்றால் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே ஆயுள். டாக்டர் தடுக்காதவரை அந்தப் பிள்ளை ஓடட்டும், ஆற்றில் நீந்தட்டும். பொத்திப் பொத்தி வளர்த்து, படியேறினாலே பயப்படுகிற பிள்ளையாக ஆக்கிவிடாதீர்கள்.

எனக்குக் கவலை வேறொரு கூட்டத்தைப் பற்றி. ஃபைலில் ‘டி.ஓ.எஃப்.’ என்று எழுதியிருக்கும். ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்ற பிறவி இதயக் கோளாறின் சுருக்கம் அது. பிறந்ததும் உதடும் நகமும் நீலம் பூத்த பிள்ளைகள். இவர்களுக்குக் கீழ் அறைகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது, நுரையீரலுக்குப் போகும் குறுகிய பாதையையும் அகலப்படுத்த வேண்டும். அப்படி அகலப்படுத்தும்போது பல பேருக்கு அங்கிருக்கும் வால்வு பயனில்லாமல் போய்விடும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஷட்டர் இல்லாத மதகு. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் திரும்பி வலது கீழறைக்கே வரும். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடம் போகும், சைக்கிள் மிதிக்கும். உள்ளே அந்த அறை மட்டும் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே வரும்.

இந்த ஆபரேஷனை முதலில் செய்தது 1954-இல், அமெரிக்காவில், லில்லஹை என்ற டாக்டர். அடுத்த சில ஆண்டுகளில் மேயோ கிளினிக்கில் இதே ஆபரேஷன் செய்துகொண்டு முதல் மாதத்தைத் தாண்டிய 163 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 32 ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 86 சதவீதம். அந்தக் காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு! பெரிய சாதனைதான். ஆனால் அதே வயதுள்ள மற்றவர்களுக்கு அது 96. அந்தப் பத்து சதவீதத்துக்காகத்தான் இந்தக் கூட்டமே.

“மூச்சு வாங்கினா வர்றோம் டாக்டர்” என்பார்கள். மூச்சு வாங்கும்வரை காத்திருந்தால், பெருத்துப்போன அறை வால்வு வைத்த பிறகும் பழைய அளவுக்குச் சுருங்காமல் போகலாம். துடிப்பு தாறுமாறாகி மயங்கி விழுவதும் உண்டு. அதனால்தான் ஒன்றும் தெரியாதபோதே எக்கோ, ஈசிஜி, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்து, புது வால்வு எப்போது வைக்கலாம் என்று பார்க்கிறோம்.

பதினெட்டு வயதில்தான் பிள்ளைகள் கைநழுவுகிறார்கள். குழந்தைகள் டாக்டர் விட்டுவிடுவார், பெரியவர்கள் டாக்டரிடம் யாரும் போவதில்லை. பையன் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவான். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது ஃபைலே டிரங்குப் பெட்டிக்கு அடியில் போய்விடும். உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ரவிக்கைக்குள் தழும்பை மறைத்துவிடலாம், பிரசவ அறையில் எதை மறைப்பது? கர்ப்பத்தில் உடம்பிலுள்ள ரத்தமே 40, 50 சதவீதம் கூடுகிறது. இந்த ஆபரேஷன் ஆன பெண்கள் நிறைய பேர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். கர்ப்பத்துக்கு முன்னாலேயே இதயத்தைப் பரிசோதித்துவிட வேண்டும், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு ஓடுகிறவர்கள் ஓடட்டும்.

அப்புறம் பல். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்துக்குப் போய் ஒட்டும். பல் பிடுங்கப் போனால் முதலில் ஆபரேஷன் ஆனதைச் சொல்லுங்கள். செயற்கை வால்வு வைத்தவர்கள் அதற்கு முன்பே கிருமியைத் தடுக்கும் மாத்திரை போட வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியை இன்றைக்கே போனில் போட்டோ எடுத்து, பிள்ளையின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். வெள்ளத்தில் ரேஷன் கார்டே போன ஊர் நம்முடையது.

சரி, பதினைந்து வயது தாண்டிய பிள்ளைகளின் ஃபைலை முதலில் பார்க்கிறேன். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.