ஒரு பீப்பாய் எண்ணெய், பத்துப் பீப்பாய் நீர்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலைவனத்து எண்ணெய்க் கிணறு என்றதும் கறுப்பு ஊற்று பீறிட்டு எழும் காட்சிதான் பலருக்கும் தோன்றும். பல பத்தாண்டுகள் உற்பத்தி கண்ட எண்ணெய் வயலில் பம்ப் இழுத்தால்தான் ஏதாவது மேலே வரும். வருவதிலும் பெரும்பங்கு உப்புநீர். தெற்கு ஓமானில் உள்ள நிமர் வயலில் ஒரு பீப்பாய் எண்ணெயோடு ஏறத்தாழப் பத்துப் பீப்பாய் நீர் வெளிவருகிறது. ஆகவே, முதிர்ந்த வயலை நடத்துவதென்றால் முதலில் நீரை நடத்தத் தெரிய வேண்டும்.

எண்ணெய் இருக்கும் பாறைக்குக் கீழே பெரும்பாலும் நீரும் இருக்கும். எண்ணெயை எடுக்க எடுக்க அந்த நீர் மேலேறும். கெட்டியான எண்ணெயைவிட நீர் எளிதில் நகர்வதால், பாறையில் விரிசல் கிடைத்தால் எண்ணெயை ஒதுக்கிவிட்டு நேராகக் கிணற்றுக்குள் நுழைந்துவிடும். நுழைந்த பிறகு அதைத் தடுப்பது மிகக் கடினம்.

வடக்கு ஓமானின் யிபால் வயலில் இது கண்கூடாகத் தெரிந்தது. 1967 ஜூலையில் ஓமான் முதன்முதலாக எண்ணெய் ஏற்றுமதி செய்தபோது ஃபகூத், நதீஹ் ஆகியவற்றோடு யிபாலும் அதற்கு எண்ணெய் தந்தது. 1990களில் அங்கே கிடைமட்டக் கிணறுகள், அதாவது பாறைக்குள் படுக்கைவாட்டில் செல்லும் கிணறுகள், ஏராளமாகத் தோண்டப்பட்டன. உற்பத்தி உயர்ந்தது, 1997 வாக்கில் உச்சம் தொட்டு, பிறகு வேகமாகச் சரிந்தது. கிடைமட்டக் கிணறு எண்ணெயை விரைவாக எடுத்துத் தரும், நீரையும் விரைவாக அழைத்து வரும். உற்பத்தி உயர்ந்த ஆண்டுகளின் அளவைப் பார்த்து வயலுக்கு இளமை திரும்பிவிட்டதென்று நம்புவது பெரிய ஆபத்து. 2000ஆம் ஆண்டையொட்டி நாளொன்றுக்கு ஒன்பது லட்சம் பீப்பாயைத் தாண்டியிருந்த ஓமானின் உற்பத்தி, 2007இல் ஏழு லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கியது.

அந்தச் சரிவிலிருந்து ஓமான் மீண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்த பாடம். மர்மூல் வயலில் பாறைக்குள் செலுத்தும் நீரில் பாலிமர் கலந்தார்கள். கஞ்சிபோல் கெட்டியான அந்த நீர் விரிசல்களில் ஓடிவிடாமல் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு நகரும். முகைஸ்னாவில் நீராவியைச் செலுத்திக் கெட்டி எண்ணெயை இளக்கினார்கள். நீராவி உண்டாக்க எரிவாயு வேண்டும்; அதைச் சேமிப்பதற்காக அமல் வயலில் கண்ணாடிக் கூடங்களுக்குள் ஆடிகளை அமைத்து, வெயிலைக் கொண்டே நீரைக் கொதிக்க வைத்தார்கள். புழுதி ஆடிகளில் படியாமல் இருக்கத்தான் அந்தக் கூடங்கள். 2015 வாக்கில் நாட்டின் உற்பத்தி பத்து லட்சம் பீப்பாயை எட்டியது.

நிமரின் நீர் என்ன ஆனது? முன்பு பெரும் மின்செலவில், உயர் அழுத்த பம்ப்புகளால் அதை ஆழ்நிலத்துக்குள் திருப்பி அனுப்பினார்கள். 2010க்குப் பிறகு நாணல் பாத்திகள் வந்தன. எண்ணெயைப் பிரித்த நீர் சரிவான பாத்திகளில் தானாகவே வழிந்து இறங்குகிறது. அதில் எஞ்சிய எண்ணெயை நாணல் வேர்களை ஒட்டி வாழும் நுண்ணுயிரிகள் தின்றுவிடுகின்றன. கடல்நீரைவிட உப்பு மிகக் குறைந்த நீர் என்பதால்தான் நாணல் அங்கே பிழைக்கிறது. எல்லா வயலுக்கும் இது பொருந்தாது. வழிந்து முடிந்த நீர் திறந்த குளங்களில் ஆவியாகிறது. வலசை போகும் பறவைகள் அங்கே இறங்குகின்றன என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இவ்வளவு இருந்தும், வயலின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது அன்றாடப் பராமரிப்பே. உப்புநீர் குழாயை அரிக்கும், பம்ப்பில் காறையாகப் படியும். அதனால் ஒவ்வொரு கிணற்றையும் முறைவைத்துச் சோதனைப் பிரிப்பானுக்கு, அதாவது எண்ணெயையும் நீரையும் தனியே பிரிக்கும் கலத்துக்குத் திருப்பி, எண்ணெய் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று அளக்க வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை மணிவரை வெட்டவெளியில் வேலை செய்வதை ஓமான் சட்டம் தடுக்கிறது. அந்த வெயிலுக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் நேரத்தில்தான் இந்த அளவெடுப்பு நடக்கிறது. எண்ணெய் விலை விழும்போது முதலில் கத்தரிக்கத் தோன்றுவது இந்தச் சோதனைச் செலவைத்தான். அதைத் தொடாதீர்கள் என்பதே நிர்வாகிகளிடம் என் வேண்டுகோள். எந்தக் கிணற்றில் நீர் ஏறுகிறது என்று தெரியாமல் எந்தக் கிணற்றை மூடுவது?

நன்றி, வணக்கம்.