அவனுக்கு இரண்டு காலும் முடம்

(கிறிஸ்துவின் நினைவாக அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்து ஆராதனைக்கு முந்தின மாலை, கிருஷ்ணகிரியில் நடந்த ஆயத்தக் கூட்டத்தில் பேசியது)

அன்பான சகோதரரே, சகோதரிகளே,

நம்ம போச்சம்பள்ளிப் பக்கம் சந்தூருக்குப் போனால் வழியெல்லாம் மாங்கன்று நர்சரிதான். போன வாரம் அங்கே ஒரு அம்மா ஒட்டுக் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாட்டு மாங்கொட்டையில் முளைத்த செடியின் தலையை வெட்டி, தண்டை நடுவே பிளந்தார். நல்ல மரத்துக் குச்சி ஒன்றை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவி, அந்தப் பிளவுக்குள் சொருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்றினார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

“ஏம்மா இவ்வளவு அவசரம்?” என்றேன்.

“வெட்டுவாய் காஞ்சா புடிக்காதுங்க.”

அந்தச் சொல் என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. காயம் காயட்டும், அப்புறம் ஆண்டவரிடம் போகலாம் என்று பல வருஷம் தள்ளி நின்றவன் நான்.

எனக்கும் அண்ணனுக்கும் வரப்புத் தகராறு. ஒரு முழ அகல மண்ணுக்காக 14 வருஷம் பேசவில்லை. அவர் பெங்களூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணி போன் பண்ணினார்கள். நான் போகவில்லை. மூன்றாம் நாள் வண்டியில் கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்த்தேன். யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

அதற்கப்புறம் திருவிருந்து ஞாயிறு வந்தால் கடைசி பெஞ்சில் உட்காருவேன். எல்லாரும் எழுந்து போகும்போது செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். தேவன் அன்பானவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அன்பு எனக்கும்தான் என்று கைநீட்டி வாங்கத்தான் முடியவில்லை.

விலகி இருப்பதற்கு, தகுதியில்லாமல் திருவிருந்தில் பங்குபெறக் கூடாது என்று பவுல் எச்சரிக்கிற கொரிந்தியர் நிருபத்தையே காரணமாக வைத்திருந்தேன். ஒருநாள் அந்த வசனத்தை நிதானமாகப் படித்தேன். “எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து” என்று இருக்கிறது. சோதித்தறிந்து விலகி இரு என்று பவுல் எழுதவில்லை, ஐயா! ரோமருக்கு எழுதும்போதும் “நாம் பாவிகளாயிருக்கையில்” கிறிஸ்து மரித்தார் என்கிறார். திருந்திய பிறகு என்று அல்ல.

2 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தில் மேவிபோசேத்தைப் பாருங்கள். தாவீது ராஜாவை முன்பு கொல்லத் தேடிய சவுலின் பேரன், தாவீதின் சிநேகிதன் யோனத்தானின் மகன். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து கால் போனது. அவன் செய்த தப்பு ஒன்றுமில்லை. என் முடம் நானே தேடிக்கொண்டது. அந்த வித்தியாசத்தை நான் மறைக்கவில்லை. தாவீது ஆள் அனுப்பி அழைத்தபோது, “செத்த நாயைப் போலிருக்கிற என்னை” என்று தரையில் விழுந்தான். ராஜா அதற்கு மறுமொழி சொல்லவில்லை. வேலைக்காரனைக் கூப்பிட்டு, இவன் நித்தம் என் பந்தியில் சாப்பிடுவான் என்றார்.

அந்த அதிகாரத்தின் கடைசி வரியைக் கவனியுங்கள். அவன் ராஜாவின் பந்தியில் நித்தம் அசனம் பண்ணினான் என்று சொல்லிவிட்டு, வேதம் இதையும் சேர்த்தே எழுதுகிறது: “அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது.” பந்தியில் உட்கார்ந்த பிறகும் கால் குணமாகவில்லை. அந்தக் காலோடுதான் தினமும் சாப்பிட்டான்.

என் அண்ணன் திரும்பி வரப்போவதில்லை. அந்தக் காலோடு நான் நாளைக் காலை எழுந்து போவேன். கடைசி பெஞ்சில் யாராவது குனிந்திருந்தால், பக்கத்தில் வந்து நிற்பேன். சேர்ந்தே போகலாம், வாங்க.