முதுகில் போடும் ஊசியால் ஆயுளுக்கும் இடுப்பு வலி வருமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்த வாரம் வந்த கேள்விகளில் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியதை எடுத்துக்கொள்கிறேன். அவர் வில்லியனூரில் வாழ்க்கைப்பட்டவர். தலைப்பிரசவம் என்பதால் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கிறார். புதுச்சேரியில் அவர் காட்டிவரும் மருத்துவமனையில், பிரசவ வலியைக் குறைக்கும் எபிடியூரல் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவருடைய மாமியாரோ, முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி தீராது, கடைசியில் ஆபரேஷனில்தான் போய் முடியும் என்கிறாராம். இதைப் பற்றி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று கேட்டிருக்கிறார்.

மயக்க மருந்து மருத்துவர் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமியாரின் பயத்தை அறியாமை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். இந்த இரண்டு பயங்களும் ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே இருந்தன; மருத்துவ இதழ்களிலேயே கட்டுரைகளாக வந்தன.

இடுப்பு வலியை முதலில் பார்ப்போம். 1990-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஓர் ஆய்வு வெளியானது. அங்கே முந்தைய ஆண்டுகளில் பிரசவித்த பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, 11,701 பேரின் விடைகளைத் தொகுத்தார்கள். எபிடியூரல் போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 19 பேரும், போட்டுக்கொள்ளாதவர்களில் நூற்றுக்குப் 10 அல்லது 11 பேரும் நீண்ட நாள் முதுகு வலி இருப்பதாக எழுதியிருந்தார்கள். இதைப் பார்த்தால் ஊசிதான் காரணம் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் அந்த ஆய்வாளர்கள்கூட ஊசியின் மேல் பழி போடவில்லை. வலி தெரியாமல் நெடுநேரம் கோணலாகப் படுத்திருந்தது காரணமாக இருக்கலாம் என்றுதான் எழுதினார்கள். இந்த முறையில் வேறொரு சிக்கலும் உண்டு. பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து விடை கேட்கும்போது, முதுகில் ஊசி குத்தியது நினைவில் இருப்பவர் தன் வலியை அதோடு சேர்த்தே நினைப்பார்.

அதனால்தான் பின்னர் வந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். பிரசவத்துக்கு வந்த பெண்களை அவர்களுடைய சம்மதத்துடன், குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எபிடியூரலும் மற்றதற்கு வேறு வலிநிவாரணமும் கொடுத்துத் தொடர்ந்து கவனித்தார்கள். இங்கிலாந்தில் 369 பெண்களைக் கொண்டு அப்படி நடந்த ஓர் ஆய்வு 2002-இல் அதே இதழில் வெளியானது. சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பார்த்தபோது, முதுகு வலியிலோ, குனிந்து நிமிர்வதிலோ, அன்றாட வேலைகளிலோ இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இப்படிப்பட்ட 40 ஆய்வுகளை, அதாவது பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை ஒன்றாகத் திரட்டி 2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பும் நீண்ட நாள் முதுகு வலி கூடவில்லை என்றே சொல்கிறது.

ஊசி குத்திய இடத்தில் சில நாட்கள் தொட்டால் வலிக்கும், அது உண்மைதான். ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலி, ஊசியே போடாமல் பிரசவித்த எத்தனையோ தாய்மார்களுக்கும் இருக்கிறது. கர்ப்பக் காலத்தில் மூட்டு நாண்கள் தளர்கின்றன, வயிற்றின் பாரத்தால் முதுகெலும்பு முன்னோக்கி வளைகிறது, பிறகு இரவும் பகலும் குனிந்து பால் கொடுப்பதும் குழந்தையைத் தூக்குவதும் சேர்ந்துகொள்கின்றன. உங்கள் தெருவில் 'எனக்கு ஊசியால்தான் வந்தது' என்று சொல்கிறவர்களில் பலர் சிசேரியனுக்காக ஸ்பைனல் ஊசி போட்டுக்கொண்டவர்களாக இருப்பார்கள். அது ஒரே தடவை உள்ளே செலுத்திக் கால்களை முழுவதும் மரத்துப்போகச் செய்யும் ஊசி. எபிடியூரலில் தண்டுவட உறைக்கு வெளியே ஒரு மெல்லிய குழாயை வைத்து, குறைந்த அளவு மருந்தைத் தேவைக்கேற்பக் கொடுத்துக்கொண்டே இருப்போம்.

இனி ஆபரேஷன் பற்றிய பயம். எபிடியூரல் கேட்டுப் பெற்றவர்களிடையே சிசேரியன் அதிகம் என்று பழைய மருத்துவமனைக் குறிப்பேடுகள் காட்டியது உண்மை. ஆனால் யார் கேட்டுப் பெறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். குழந்தையின் தலை திரும்பாமல் வலி இழுத்துக்கொண்டே போகிறவர், குழந்தை பெரிதாக உள்ளவர், தலைப்பிரசவக்காரர் ஆகியோரே அதிகம் கேட்கிறார்கள். ஊசி இல்லாவிட்டாலும் சிசேரியன் வாய்ப்பு கூடுதலாக இருப்பவர்களும் அவர்களேதான். கர்ப்பப்பை வாய் நான்கு, ஐந்து சென்டிமீட்டர் திறக்கும் வரை ஊசி தரக் கூடாது என்ற வழக்கம் அந்தக் குழப்பத்திலிருந்து வந்தது. 2005-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான ஆய்வில், தலைப்பிரசவப் பெண்கள் 750 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குத் தொடக்கத்திலேயே முதுகுவழி வலிநிவாரணம் கொடுத்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், தாமதித்துக் கொடுத்த மற்ற பாதியில் 20.7 பேருக்கும் சிசேரியன் ஆனது. இது கணக்கில் கொள்ளத்தக்க வேறுபாடு அல்ல. சீக்கிரம் கொடுத்ததால் சிசேரியன் கூடவில்லை என்பதே இதன் பொருள். எபிடியூரலால் சிசேரியன் கூடவில்லை என்பதே 2018 தொகுப்பின் முடிவும். இவற்றைப் படித்த பிறகும் 'இன்னும் கொஞ்சம் வலி வரட்டும்' என்று ஒரு பெண்ணைக் காக்கவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பாதகமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தையை முக்கித் தள்ளும் கட்டம் சற்று நீளலாம். வலியைக் கூட்டும் ட்ரிப்ஸ் தேவைப்படலாம். ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவம் பழைய ஆய்வுகளில் கூடியிருந்தது. மருந்தின் செறிவைக் குறைத்த பிறகு, 2005-க்குப் பின் நடந்த ஆய்வுகளில் அந்த வேறுபாடு காணப்படவில்லை. சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்கும், காய்ச்சல் வரும், உடம்பு அரிக்கும். நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு ஊசி தவறுதலாக உறையைத் துளைத்துவிடும். அவர்களில் பலருக்கு உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் கடுமையான தலைவலி வரும். அது நீடித்தால் அவருடைய இரத்தத்தையே சிறிது எடுத்து அந்த இடத்தில் செலுத்தி நிறுத்துவோம். குழந்தையைப் பொறுத்தவரை, பிறந்த ஐந்தாம் நிமிடத்தில் மூச்சு, இதயத் துடிப்பு போன்றவற்றைப் பார்த்துப் போடும் ஆப்கார் மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. அந்த மதிப்பெண் முறையை 1950-களில் வகுத்த வர்ஜீனியா ஆப்கார் ஒரு மயக்க மருந்து மருத்துவர் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

2024-இல் ஸ்காட்லாந்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து, எபிடியூரல் பெற்றவர்களுக்குத் தீவிரச் சிக்கல்கள் 35 விழுக்காடு குறைவாக இருந்தன என்று எழுதினார்கள். நல்ல செய்திதான், ஆனால் இது குலுக்கல் ஆய்வு அல்ல. இடுப்பு வலிக் கணக்கில் நாம் காட்டிய எச்சரிக்கையை, நமக்குச் சாதகமான கணக்கிலும் காட்டுவதுதான் நியாயம்.

சகோதரி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில், பிரசவம் தாய்வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கடலூரிலா புதுச்சேரியிலா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். நள்ளிரவில் வலி கண்டால், அந்த மருத்துவமனையில் மயக்க மருந்து மருத்துவர் இருப்பாரா என்று கேளுங்கள். பகலில் மட்டும் வந்துபோகிறவரை நம்பி எபிடியூரல் திட்டமிட முடியாது. இரத்தத் தட்டணுக்கள் குறைவாக இருந்தாலோ, இரத்தம் உறையாமல் இருக்க ஊசி அல்லது மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலோ முன்கூட்டியே தெரிவியுங்கள். அந்த நிலையில் இந்த ஊசி ஆபத்தாகலாம்.

எபிடியூரல் கிடைக்காத இடமானால், பாதி நைட்ரஸ் ஆக்சைடும் பாதி ஆக்சிஜனும் கலந்த வாயுவை முகமூடி வழியாக நீங்களே இழுத்துக்கொள்ளும் வசதி சில இடங்களில் உண்டு. பெத்திடின் போன்ற ஊசியும் போடலாம். ஆனால் அது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் சென்று மூச்சை மந்தப்படுத்தக்கூடும் என்பதால் நேரம் பார்த்துத்தான் தருவார்கள். இன்னொன்று, பிரசவ அறையில் தொடக்கம் முதல் ஒருவர் கூடவே இருந்தால் சிசேரியனும் வலிமருந்துத் தேவையும் குறைவதாகப் பதினையாயிரம் பெண்களுக்கு மேல் நடந்த ஆய்வுகளின் 2017 தொகுப்பு காட்டுகிறது. உங்கள் அம்மாவையோ, இந்த விளக்கத்தைக் கேட்ட பிறகு மனம் இளகினால் உங்கள் மாமியாரையோ உள்ளே அனுமதிப்பார்களா என்று அடுத்த பரிசோதனைக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.