காகிதத்தில் இல்லாத பெயர்

நண்பர்களே,

1891 செப்டம்பரில் இரண்டு குடியானவர்கள் கனடாவின் மான்ட்ரியலில் கப்பலை விட்டு இறங்கினார்கள். இவான் பிலிப்பிவ், வசில் எலெனியாக். சொந்த ஊர் நெபிலிவ், தாய்மொழி உக்ரைனியம். ஆனால் அந்த ஊர் அன்று ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கலீசியாவில் இருந்தது. அதனால் காகிதத்தில் அவர்கள் ஆஸ்திரியர்கள். பின்னால் வந்தவர்களைக் கலீசியர், ருத்தேனியர் என்றெல்லாம் எழுதினார்கள். உக்ரைனியர் என்று எழுதத்தான் ஆளில்லை.

இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. பத்து டாலர் கட்டினால் 160 ஏக்கர் என்பதை நம்பி, 1914க்குள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். முதல் குளிர்காலத்தைப் பலர் மண்ணைத் தோண்டி, புல்கட்டியால் கூரை மூடிய குழிவீட்டில் கழித்தார்கள். அதற்குப் புர்தேய் என்று பெயர். காட்டை வெட்டிக் கோதுமை போட்டார்கள். அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. ஆஸ்திரியா எதிரி நாடு, ஆகவே அந்தக் காகிதம் வைத்திருந்தவர்களும் எதிரிகள். 8,579 பேரை முகாம்களில் அடைத்தார்கள், பெரும்பாலோர் உக்ரைனியர். எந்த ஆட்சியை விட்டுக் கிளம்பி வந்தார்களோ, அதன் பெயரைச் சொல்லியே அடைத்தார்கள். போர் 1918இல் முடிந்தும் கடைசி முகாமை 1920இல்தான் மூடினார்கள். இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

சரி, அவர்களுடைய சொந்த அடையாளம் எங்கே தங்கியது? சமையலறையில். ஈஸ்டருக்கு முன்னால் முட்டையில் பிசங்கா எழுதுவார்கள். ஆமாம், வரைவது இல்லை, எழுதுவது. அந்தச் சொல்லுக்கே அதுதான் வேர். சின்னப் புனல் கட்டிய குச்சியைச் சுடரில் காட்டி, உருகிய தேன்மெழுகால் முட்டையில் கோடு இழுப்பார்கள். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை மெழுகால் மூடிவிட்டு மஞ்சள் சாயத்தில் முக்குவார்கள். மஞ்சளாக நிற்க வேண்டியதை மூடிவிட்டுச் சிவப்பில். கடைசியில் கறுப்பில். அப்போது கையில் இருப்பது மெழுகு அப்பிய கறுத்த உருண்டைதான். அதைச் சுடருக்குப் பக்கத்தில் பிடித்துத் துணியால் துடைக்கத் துடைக்க, எழுதியதெல்லாம் மேலே வரும். சோவியத் உக்ரைனில் இந்த வழக்கத்தை ஒடுக்கிய காலத்தில், கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணப் பண்ணை வீடுகளில் பாட்டிமார்கள் பேத்திகளின் கைபிடித்து இதைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

1947 ஜனவரியில், கனடியக் குடியுரிமைச் சான்றிதழை முதன்முதலாக வழங்கிய விழாவில், எலெனியாக்கும் ஒன்றை வாங்கினார். கப்பலை விட்டு இறங்கி 55 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த முகாம்களைப் பற்றிய சட்டம் 2005இல் வந்தது. அதன் தலைப்பிலேயே உக்ரைனிய வம்சாவளியினர் என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்க்க எலெனியாக் இல்லை. 1956இலேயே இறந்துவிட்டார்.