பஸ் நின்ற பிறகுதான் எனக்குப் பயம்

வணக்கம் மக்களே. சனிக்கிழமை சாயங்காலம், பஸ் ஷெட்டில் உட்கார்ந்து பேசுகிறேன், பின்னால் நம்ம பசங்க வண்டி கழுவுகிறார்கள், அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ஒரு ஸ்டாப்பில் ஒரு அக்கா, பிள்ளையை ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கம் வந்து, "அண்ணா, ஸ்பீடாப் போகாதீங்கண்ணா, அது ஒண்ணுதான் பயம்" என்றார். சரிங்கக்கா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், அவருடைய இன்னொரு பிள்ளை, மூன்று வயது இருக்கும், என் பஸ்ஸின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஹப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அக்காவுக்கு வேகத்தின் மேல் பயம். எனக்கு அந்த மூன்று வயதின் மேல் பயம். அதனால்தான் இந்த வீடியோ.

ஸ்கூல் பஸ் ஓட்ட வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் லாரி. லாரியில் நான் ஏற்றிய சரக்கு எதுவும் பாதி வழியில் எழுந்து நடந்ததில்லை, இறங்கிய சரக்கு விட்டுப்போன டிபன் பாக்ஸை எடுக்கத் திரும்பி ஓடி வந்ததில்லை. இந்த வித்தியாசத்தை ஹெவி லைசென்ஸ் எடுக்கும்போது எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. லைட் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆன பிறகு ஹெவிக்குப் போனேன், எட்டுப் போட்டேன், ரிவர்ஸ் எடுத்தேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஆனால் சட்டத்தில் ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள், நிறைய இருக்கிறது. 1997 நவம்பரில் டெல்லியில், வஜீராபாத் பாலத்திலிருந்து ஒரு ஸ்கூல் பஸ் யமுனைக்குள் விழுந்தது, இருபத்தைந்துக்கும் மேலே பிள்ளைகள் போய்விட்டார்கள். அடுத்த மாதமே உச்சநீதிமன்றம் ஒரு வழிகாட்டுதல் போட்டது. நீங்கள் இன்றைக்குப் பார்க்கும் மஞ்சள் வண்டி, முன்னாலும் பின்னாலும் ஸ்கூல் பஸ் என்ற எழுத்து, வாடகை வண்டி என்றால் 'ஆன் ஸ்கூல் டூட்டி' பலகை, ஜன்னலில் குறுக்குக் கம்பி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், பூட்டு ஒழுங்காக விழுகிற கதவு, பள்ளியின் பெயரும் போன் நம்பரும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, எல்லாம் அதில் இருக்கிறது. டிரைவருக்கு ஹெவி வண்டி ஓட்டிய அனுபவம் ஐந்து வருஷமாவது வேண்டும். சிக்னல் மீறியது, லேன் மாறியது மாதிரி விஷயத்துக்கு ஒரு வருஷத்தில் இரண்டு தடவைக்கு மேல் அபராதம் வாங்கியவரை வேலைக்கு வைக்கக் கூடாது. அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டியது என்றால் ஒரே தடவை போதும், அவர் ஸ்கூல் பஸ் பக்கமே வரக் கூடாது. பல பேருக்குத் தெரியாத ஒன்றும் அதிலேயே இருக்கிறது: பெற்றோரோ ஆசிரியரோ பஸ்ஸில் கூடவே ஏறிப் போய், இதெல்லாம் நடக்கிறதா என்று பார்க்கலாம். பதினோரு வருஷத்தில் என் பஸ்ஸில் அப்படி ஏறிய அப்பா அம்மா எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தர். அவரும் தன் வண்டி பஞ்சர் ஆனதால் ஏறியவர்.

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். 2012 ஜூலை, தாம்பரம் பக்கத்தில் முடிச்சூர். இரண்டாம் வகுப்புப் பாப்பா, ஓடுகிற பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்து, பின் சக்கரத்தில். அது எஃப்.சி., அதாவது ஓடத் தகுதியான வண்டி என்கிற சர்ட்டிபிகேட், வாங்கிய வண்டி. ஹைகோர்ட் தானாகவே வழக்கை எடுத்தது, அந்த வருஷமே ஸ்கூல் பஸ்ஸுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. மே மாதம் பள்ளி திறக்கும் முன்னால் எல்லா ஸ்கூல் வண்டிகளையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பார்க்கிறார்களே, ஆர்.டி.ஓ., போலீஸ், வருவாய்த் துறை, கல்வித் துறை எல்லாரும் வந்து நிற்பார்களே, அது இப்படித்தான் இவ்வளவு கறாராக ஆனது.

அந்த மைதானத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். வெயிலில் இன்ஸ்பெக்டர் ஏறுவார், முதலில் காலால் தரையை ஓங்கி மிதிப்பார். முடிச்சூருக்குப் பிறகு எல்லா இன்ஸ்பெக்டருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. அடுத்து எமர்ஜென்சி கதவு. அதைத் திறக்கச் சொன்னால், வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் திறக்கிற கதவு எப்படித் திறக்கும்? துருப்பிடித்து ஒட்டியிருக்கும். நான்கு பேர் தள்ளுவோம். பெரிய ஆள் நான்கு பேர் தள்ளித் திறக்கிற கதவை, புகை மண்டுகிற நேரத்தில் ஆறாவது படிக்கிற பையன் திறப்பான் என்று நாங்களே நம்பிக்கொள்கிறோம். நான் இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் அதை ஒரு தடவை திறந்து மூடுகிறேன், கீலுக்குக் கொஞ்சம் எண்ணெய். ஒரு நிமிஷம்கூட ஆகாது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் தேதி முடிந்த மருந்து, அது தனிக் கதை. எஃப்.சி.க்கு நல்ல டயரை மாட்டிக்கொண்டு போய்விட்டு, வந்ததும் கழற்றிப் பழையதைப் போடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி இங்கே பேசினால் எனக்குக் கெட்ட வார்த்தைதான் வரும், விடுங்கள்.

இப்போது கவனியுங்கள். முடிச்சூருக்குப் பத்து வருஷம் கழித்து, 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் ஒரு பையன் உயிர் போனது. அவனும் இரண்டாம் வகுப்பு. வேனிலிருந்து இறங்கியாகிவிட்டது, பள்ளி வளாகத்துக்கு உள்ளேயே இருக்கிறான், விட்டுவிட்டு வந்த எதையோ எடுக்கத் திரும்பி வந்திருக்கிறான், வேன் ரிவர்ஸில் வந்தது. அதற்குப் பிறகுதான் முன்னாலும் பின்னாலும் கேமரா, பின்னால் சென்சார் கட்டாயம் என்று விதியைத் திருத்தினார்கள். நல்ல விஷயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன் உயிர் போனது நடக்கிற வேகத்தில் வந்த வண்டியில். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அங்கே என்ன செய்யும்?

கொஞ்சம் இருங்கள், போனைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறேன். இதோ, வீட்டிலிருந்து கொண்டு வந்த பிளாஸ்டிக் குடம். மஞ்சள் கலர், நன்றாகத் தெரிகிற கலர்தான். பஸ்ஸின் முன் பம்பரை ஒட்டி வைக்கிறேன். இப்போது மேலே ஏறி என் சீட்டில் உட்கார்ந்து நேராகக் கண்ணாடி வழியே காட்டுகிறேன், பாருங்கள், குடம் எங்கே? இல்லை. இறங்கி ஒரு அடி தள்ளி வைக்கிறேன். இல்லை. மூன்று அடிக்கு வந்த பிறகுதான் குடத்தின் வாய் தெரிகிறது. இது முன்பக்கம், மூக்கு இல்லாத தட்டை வண்டி என்பதால் இவ்வளவாவது தெரிகிறது, பானட் வைத்த வண்டியில் இன்னும் மோசம். இப்போது இடது பக்கம், பிள்ளைகள் இறங்குகிற பக்கம். கதவைத் தாண்டி முன் மூலையில் வைக்கிறேன். ஏறி உட்கார்ந்து இடது ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஏழு அடி தள்ளி வைத்தால்தான் தெரிகிறது. சைடு கண்ணாடியில் கொஞ்சம் விழும், அதுவும் கண்ணாடியை யாரும் தட்டிவிட்டுப் போகாமல் இருந்தால். குனிந்து ஷூ லேஸ் கட்டுகிற எல்.கே.ஜி. பிள்ளை இந்தக் குட உயரம்தான் இருக்கும். ஒவ்வொரு பள்ளியும் ஒரு குடம் வாங்கி டிரைவர்களை உட்காரவைத்து இதைக் காட்டினால் போதும், நான்கு மணி நேர வகுப்பு எடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது வேறு ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். ஒரு யு.கே.ஜி. பாப்பா இறங்கினாள், ஆயா உள்ளே வாந்தி எடுத்த இன்னொரு பிள்ளையைக் கவனித்துக்கொண்டிருந்தார், கதவை மூடு என்று எனக்குக் குரல் கொடுத்தார், நான் மூடினேன், கியர் போட்டுவிட்டேன். திடீரென்று எதிர்த் திண்ணையிலிருந்து ஒரு பாட்டி, "டேய்!" என்று ஒரு சத்தம். அந்த டேய் மாதிரி ஒரு டேய் நான் அப்புறம் கேட்டதில்லை. பிரேக்கை மிதித்து இறங்கிப் போய்ப் பார்த்தால், பாப்பாவின் தண்ணீர் பாட்டில் பஸ்ஸுக்கு அடியில் உருண்டு போயிருக்கிறது, அவள் பின் சக்கரத்துக்கு முன்னால் குப்புறப் படுத்துக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்து, "டிரைவர் அண்ணா, எட்ட மாட்டேங்குது" என்றாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து என் பஸ்ஸில் ஒரு பழக்கம். ஆயா முதலில் இறங்க வேண்டும், பிள்ளை பிறகு. பிள்ளையின் கையை வீட்டு ஆள் கையில் கொடுக்க வேண்டும், கேட்டுக்கு உள்ளே போன பிறகு பஸ்ஸின் முன்னால் வந்து என் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று கையைத் தூக்க வேண்டும். அந்தக் கை தூக்காமல் நான் கியர் போட மாட்டேன். பின்னால் கார்காரர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். இடது பக்கச் சந்துக்குள் டூ வீலரை நுழைக்கிற தம்பிகளுக்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. அமெரிக்காவில் ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்குப் போட்டு பலகையை நீட்டினால் பின்னால் வருகிற வண்டி தாண்டிப் போகக் கூடாது என்பது சட்டம். இங்கே நான் ஹஸார்ட் லைட் போட்டால், நான் பஞ்சர் என்று நினைத்து இடது பக்கமாக ஓவர்டேக் செய்கிறார்கள்.

ஆயாவைப் பற்றிப் பேசாமல் இதைப் பேசவே முடியாது. பஸ்ஸில் உதவியாளர் வேண்டும் என்று விதி சொல்கிறது, அதுவும் தகுதியானவராக. நடைமுறையில் என்ன? காலையில் வகுப்பறை கூட்டுகிற அக்காவை அப்படியே பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள், ஒரு நாள் பயிற்சி கிடையாது. இத்தனைக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 131-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள்: ஆளில்லாத ரயில்வே கேட் வந்தால் டிரைவர் வண்டியை நிறுத்த வேண்டும், கண்டக்டரோ கிளீனரோ உதவியாளரோ இறங்கித் தண்டவாளம் வரை நடந்து போய், இரண்டு பக்கமும் ரயில் வரவில்லை என்று பார்த்து, வண்டியைக் கடத்திவிட வேண்டும். கூட யாரும் இல்லையென்றால் டிரைவரே இறங்க வேண்டும். 2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பத்தில் ரயில் மோதி ஸ்கூல் வேனில் மூன்று பிள்ளைகள் போனார்களே, அது கேட்கீப்பர் இருந்த கேட். தப்பு யார் மேல் என்று அன்றைக்கே இரண்டு விதமாகப் பேச்சு வந்தது, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் கேட் திறந்திருந்தாலும் சரி, ஆள் இருந்தாலும் சரி, நிறுத்துகிறேன், எங்கள் ஆயா அக்கா இறங்கி நடக்கிறார். இரண்டு நிமிஷம் லேட். முதல் வாரம் பசங்கள் கிண்டல் செய்தார்கள், இப்போது அவர்களே எட்டிப் பார்த்து "இல்லண்ணா" என்று கத்துகிறார்கள்.

அப்புறம் செல்போன். 2009 டிசம்பரில் வேதாரண்யம் பக்கத்தில் வேன் குளத்தில் விழுந்து ஒன்பது பிள்ளைகளும் அவர்களைக் காப்பாற்றப் போன இளம் ஆசிரியையும் இறந்தார்கள், டிரைவர் போன் பேசிக்கொண்டு ஓட்டியதாகத்தான் அப்போது சொன்னார்கள். என் போனை வண்டி எடுக்கும் முன் ஆயா அக்காவின் பையில் போட்டுவிடுகிறேன். அம்மாமார்களே, பஸ் எங்கே வருகிறது என்று கேட்க டிரைவருக்குப் போன் போடாதீர்கள், ஆயாவுக்குப் போடுங்கள். இதை நான் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், டிரைவர் உடம்பு. 2024 ஜூலையில் வெள்ளகோவிலில் ஒரு வேன் டிரைவர், ஓட்டும்போதே நெஞ்சு வலி, அந்த வலியிலும் வண்டியை ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். பிள்ளைகள் இருபது பேர் போல இருந்தார்கள், ஒருவருக்கும் கீறல் இல்லை. எல்லாரும் கும்பிட்டோம், அரசாங்கமும் ஐந்து லட்சம் கொடுத்தது. ஆனால் பேட்ஜ் வண்டி லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும்போது நாம் கொடுக்கிற டாக்டர் சர்ட்டிபிகேட் எப்படி வாங்குகிறோம் என்று நம்ம டிரைவர் சொந்தங்களுக்குத் தெரியும். மே மாத முகாமில் கண் பார்க்கிறார்கள், சில ஊரில் பிரஷரும் பார்க்கிறார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பதே அப்படிப் பார்க்கப் போய்த்தான் தெரிந்தது. காலை ஐந்தரைக்கு டீ மட்டும் குடித்துவிட்டு வண்டி எடுப்பதை அன்றோடு நிறுத்தினேன், இப்போது இரண்டு இட்லியாவது உள்ளே போகாமல் சாவியைத் தொட மாட்டேன்.

ஸ்டாப்பில் ஸ்பீடாப் போகாதீங்க என்ற அந்த அக்காவுக்குச் சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேனே, முழுப் பதில் இதோ. வேகத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இன்னொன்றையும் பாருங்கள்: உங்கள் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகு அந்த டிரைவர் எத்தனை நொடி சும்மா நிற்கிறார், அந்த ஆயா எங்கே நிற்கிறார். ஒரு வாரம் பார்த்தால் போதும், வண்டி எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஸ்டாப்புக்கு வந்தால் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே விடாதீர்கள்.

சரி மக்களே, கழுவி முடித்துவிட்டார்கள் போல, நான் போய்க் கடைசி சீட் வரை ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வருகிறேன், பூட்டுவதற்கு முன்னால் எப்போதும் செய்வது, போன வருஷம் ஒரு பையன் மூன்றாவது வரிசையில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இன்றைக்கு ஒரு ஸ்கார்ஃபும் பாதி தின்ற முறுக்கும்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். குடத்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும், வீட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள்.