புது டிவியில் பழைய டிவி கேம்: படம் ஏன் கலங்குகிறது?

வணக்கம் நண்பர்களே. இன்று மேசையில் இருப்பது, 1990களில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வாங்கிய அதே வகை ‘டிவி கேம்’. 1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கேம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல். புது எல்இடி டிவியில் மாட்டினால் படமே வரவில்லை, வந்தாலும் கலங்கலாக இருக்கிறது என்று நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். பெட்டி போய்விட்டது என்று முடிவுகட்டி அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது அனுப்பும் படத்தைப் புது டிவி தவறாகப் புரிந்துகொள்வதுதான் பாதிப் பிரச்சினை.

ஆன் செய்வதற்கு முன் ஒரு விஷயம். ஃபேமிகாம் அடாப்டரின் பின்னில் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். இன்று கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் இது தலைகீழ். பெட்டியின் அடியில் உள்ள குறியையும் அடாப்டரின் குறியையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் செருகாதீர்கள். நகல் பெட்டிகளில் இது ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும்.

சரி, இப்போது வயர். ஆன்டெனா வயரை விட்டுவிடுங்கள். அதில் படம், ஒலி எல்லாம் ஒரே அலையில் ஏறி வருவதால் தெளிவு குறையும், சேனலும் தேட வேண்டும். மஞ்சள் பின் இருந்தால் படத்துக்கு அதுவே போதும். புது டிவியின் பின்னால் மஞ்சள் துளை இல்லையே என்றால் பச்சைத் துளையைப் பாருங்கள். பல டிவிகளில் ஏவிக்கும், படத்தை மூன்று வயர்களில் பிரித்து அனுப்பும் காம்பொனன்டுக்கும் பச்சைதான் பொது, அருகிலேயே ஏவி என்றும் எழுதியிருக்கும். மஞ்சள் பின்னை அதில் செருகிவிட்டு, டிவி மெனுவில் ஏவி என்று தேர்ந்தெடுங்கள். காம்பொனன்ட் என்றே விட்டால் படம் கறுப்பு வெள்ளையில் வரும்.

இன்னும் சில டிவிகளில் இயர்போன் துளை மாதிரி ஒரே ஒரு ஏவி துளைதான் இருக்கும். இந்த வயரை அருகில் காட்டுகிறேன், பாருங்கள். முனையில் மூன்று கறுப்பு வளையங்கள், அவற்றால் பிரிந்த நான்கு பகுதிகள். எந்தப் பகுதியில் படம், எதில் ஒலி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் வராமல் ஸ்பீக்கரில் ‘ர்ர்ர்’ என்று இரைச்சல் மட்டும் வந்தால், படத்தின் சிக்னல் ஒலிப் பாதையில் போகிறது என்று அர்த்தம். மஞ்சளை, ஒலிக்கான சிவப்பிலோ வெள்ளையிலோ மாற்றிச் செருகிப் பாருங்கள். சில வயர்களில் அதிலேயே படம் வந்துவிடும். வராவிட்டால் அந்த டிவிக்கான வயரையே தேட வேண்டும்.

படம் வந்துவிட்டது. இப்போதுதான் முக்கியமான இடம். பழைய டியூப் டிவி, ஒற்றைப்படை வரிகளை ஒருமுறையும் இரட்டைப்படை வரிகளை அடுத்த முறையும் வரையும். கேம் பெட்டியோ ஒவ்வொரு முறையும் அதே வரிகளையே அனுப்பும். சுமார் 240 வரிகள், முழுப் படம், இந்தியாவின் ‘பால்’ (PAL) என்ற டிவி முறையில் நொடிக்கு 50, ஜப்பான் முறையில் 60. டியூப் டிவிக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை. புது டிவியோ இதைப் பாதிப் படம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்து வருவதை மீதிப் பாதி என்று நினைத்து, சீட்டுக்கட்டு கலைப்பது போல இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைக்கிறது. ஓடும் ஆளின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழிவது இதனால்தான்.

கான்ட்ரா விளையாடும்போது குண்டுகள் மினுங்குவதைக் கவனித்திருப்பீர்கள். ஃபேமிகாமால் ஒரே வரியில் எட்டு நகரும் உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. அதனால் ஒரு ஃபிரேமில் சிலதை, அடுத்த ஃபிரேமில் மற்றதை என்று மாற்றி மாற்றிக் காட்டும். பாதிப் படங்களைக் கழித்துவிடும் டிவியில் சில குண்டுகள் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். உங்கள் கை தவறு செய்யவில்லை, குண்டு திரையில் இல்லவே இல்லை!

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெள்ளை நிற எச்டிஎம்ஐ கன்வெர்ட்டரும் பெரும்பாலும் இதே தவறைத்தான் செய்கிறது. கூடவே படத்தை அகலமாக இழுத்து மாரியோவைக் குண்டாக்கும். ஏவி துளையே இல்லாத டிவிக்கு மட்டும் அதை வாங்குங்கள். வாங்கும்போது ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போவதுதானா என்று பாருங்கள், எதிர்த்திசைப் பெட்டியும் அதே உருவத்தில் இருக்கும்.

பணம் போட முடிந்தவர்களுக்கு ரெட்ரோடிங்க் 2எக்ஸ் என்ற கன்வெர்ட்டர் பெட்டி நல்லது. வரி வந்தவுடனேயே அதை இரட்டித்து அனுப்பும், முழுப் படத்துக்காகக் காத்திருக்காது. அதனால் பட்டனை அழுத்தியதற்கும் மாரியோ குதிப்பதற்கும் நடுவே அது தாமதம் சேர்க்காது. ஓஎஸ்எஸ்சி என்ற பெட்டியையும் பலர் புகழ்வார்கள், நியாயமான புகழ்தான். ஆனால் மஞ்சள் பின் சிக்னலை அது நேரடியாக வாங்காது, நம் டிவி கேமுக்கு உதவாது.

பணம் போட விரும்பாதவர்கள் டிவியில் கேம் மோடை ஆன் செய்யுங்கள், அளவை 4:3 ஆக்குங்கள். இந்த இரண்டுக்கே நிறைய வித்தியாசம் தெரியும்.

அப்புறம், வாத்து சுடும் துப்பாக்கி. டிரிகரை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தை அதே கணத்தில் தேடும். எல்இடி டிவி அதைத் தாமதமாகக் காட்டுகிறது, அதற்குள் கேம் ‘தவறிவிட்டது’ என்று முடிவு செய்துவிடும். நான் சொன்ன எந்தப் பெட்டியும் இதைச் சரிசெய்யாது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வீட்டில் ஓடுகிற டியூப் டிவி இருந்தால், தயவுசெய்து பழைய சாமான் கடைக்குப் போடாதீர்கள்.